ஒன்பதாம் சுற்றில் ராஜா இறங்கிப் போனது

நெய்க்காரன்புதூர் கல்யாண மண்டபத்தில், வைகாசி மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி ஏழு நிமிஷத்துக்கு, மூன்றாம் மேசையின் வெள்ளை ராஜா சதுரங்கப் பலகையை விட்டு இறங்கிப் போனார். அதைக் கண்ணால் கண்டவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான் என்று சொன்னால் கதைக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் அன்று பார்த்த நாற்பது பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், இரண்டு பேர் மட்டும் கோயமுத்தூருக்குக் குடிபோய்விட்டார்கள்.

போட்டிக்கு நடுவர் நான். முப்பத்தெட்டு வருஷம் நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்து, அண்ணன் தம்பி வயலையும் மாமன் மச்சான் தோப்பையும் அளந்து, இரண்டு பக்கமும் திட்டு வாங்கி ஓய்வு பெற்றவன். சதுரங்கம் எனக்குச் சுமாராகத்தான் வரும். ஆனால் ஊரில் விதிப்புத்தகம் வைத்திருந்தவன் நான் மட்டுமே. பழைய புத்தகக் கடையில் வாங்கியது, பதினோராம் பன்னிரண்டாம் பக்கங்கள் கொண்ட தாள் இல்லாமல் வந்தது. இல்லாத தாளில் முக்கியமாக எதுவும் இருக்காது என்பது என் உத்தியோக அனுபவம்.

அன்று மூன்றாம் மேசையில் வெள்ளைக் காய்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் மாவு மில் மயிலாத்தாள். நாற்பத்தொரு வயசு. மில்லில் கேழ்வரகு அரைபடும் நேரத்தில் பெட்டியின் மேல் பலகையை வைத்துத் தனக்குத் தானே ஆடிப் பழகியவள். கருப்புக் காய்களின் மேல் மாவு படிந்து படிந்து இரண்டு பக்கமும் வெள்ளையாகிவிட, எது யாருடையது என்பதை ஞாபகத்திலேயே வைத்துக்கொண்டு ஆடக்கூடியவள். அந்த ஞாபகம் காய்களில் இருந்ததே தவிர மில்லில் இல்லை. ஒரு நாள் குதிரையை எங்கே தாண்டவிடுவது என்று யோசித்துக்கொண்டே ஒரு வீட்டுக் கேழ்வரகை மிளகாய் மெஷினில் கொட்டிவிட்டாள். அந்த வீட்டார் அன்று தின்ற களியைப் பற்றி ஊர் இன்னும் பேசுகிறது. அவளுடைய அண்ணன் வெள்ளியங்கிரி அவளை மாரியாத்தா கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் வாங்கினார்: "இந்தப் போட்டியில் ஒரே ஒரு ஆட்டம் தோற்றாலும், இனிச் செத்தாலும் காயைத் தொடமாட்டேன்." அவளும் கற்பூரத்தைக் கையால் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எட்டு ஆட்டம் தோற்கவில்லை. இது ஒன்பதாவது, கடைசி.

எதிரே கருப்புக் காய்களோடு சென்னைப் பையன் நவநீதன், இருபத்தாறு வயசு. இந்த ஆட்டத்தை ஜெயித்தால் அவனுக்குப் பெரிய பட்டம் ஒன்று கிடைக்கும் என்று சட்டைப் பையில் காகிதமே வைத்திருந்தான். மயிலாத்தாளும் லேசுப்பட்டவள் இல்லை. மூன்று மாசம் யாருக்கும் காட்டாமல் ஓர் ஆரம்பத்தைத் தயார் செய்திருந்தாள். முதல் பன்னிரண்டு நகர்த்தலுக்குள் எதிராளிக்கு மூச்சுத் திணறும் என்றாள். அது என்ன ஆரம்பம் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது ஆடப்படவே இல்லை.

நான் மணி அடித்தேன். கடிகாரங்கள் ஓடத் தொடங்கின. மயிலாத்தாள், தினமும் காலையில் மில் சுவிட்சைப் போடும் முன் செய்வதைப் போல, பஸ் டிரைவர் ஸ்டியரிங் வளையத்தைத் தொட்டும் டெய்லர் மெஷினைத் தொட்டும் செய்வதைப் போல, இரண்டு விரலால் ராஜாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சிப்பாயிடம் கையைக் கொண்டுபோனாள்.

"சார்! தொட்டுட்டாங்க!"

நாற்பது தலையும் திரும்பியது.

"என்னுங்க தம்பி?" என்றாள் மயிலாத்தாள்.

"ராஜாவைத் தொட்டீங்க இல்ல? தொட்ட காயைத்தான் ஆடணும்."

"நான் கும்பிட்டேனுங்க."

"கும்பிட்டாலும் தொட்டதுதானே?"

அவளைக் கொஞ்சம் கலைத்துப் பார்க்கலாம் என்பதற்கு மேல் அவனுக்கு எண்ணம் இருந்திருக்காது. நான்தான் புத்தகத்தைப் பிரித்தேன். பத்தாம் பக்கத்தின் கடைசி வரி இப்படி முடிந்தது: 'தொட்ட காயை ஆடியே தீர வேண்டும், ஆனால் அந்தக் காய்க்கு'. அடுத்தது பதிமூன்றாம் பக்கம், அது மேசையின் உயரத்தைப் பற்றி. 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு உருப்படியாக எதையும் நான் எந்தக் காகிதத்திலும் படித்ததில்லை. எனவே எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்புச் சொன்னேன்: "ராஜா போய்த்தான் ஆகணும்."

"எங்கீங்க போவாரு? சுத்தியும் நம்ம ஆளுகதானே நிக்கறாங்க?" என்றாள் மயிலாத்தாள். நியாயம்தான். முன்னால் மூன்று சிப்பாய், ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் மந்திரி.

"பின்னால் சும்மாதானே கிடக்கு?" என்றேன் நான்.

இந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து தரையைத் தொடுவதற்குள், நாலு விரல்கடை உயரமுள்ள அந்த மரத்து ராஜா திரும்பி, பலகையின் விளிம்பில் ஒரு கணம் நின்று, மேசை விரிப்பைப் பிடித்து இறங்கி, வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவே நடந்து, சமையல்கட்டு வழியாக வெளியே போனார். சமையல்காரர் மாரப்பன் கேசரியைக் கிளறுவதை நிறுத்தாமலே, "ராசா வெறும் வயித்தோட போறாருங்களே, யாராச்சும் ஒரு வாய் கேட்கப்படாதா?" என்றார். மயிலாத்தாள் தாளில் எழுதினாள்: முதல் நகர்த்தல், ராஜா பின்னால் ஒரு கட்டம். எழுதிவிட்டுக் கடிகாரத்தைத் தட்டினாள்.

"சார், பலகையில் ராஜாவே இல்லாம நான் யாருக்கு செக் வைக்கறது?" என்று நவநீதன் கத்தினான்.

"தேடிக்கிட்டுப் போக வேண்டியதுதான் தம்பி. அவங்க காய் போகலாம்னா உங்க காயும் போகலாம்."

"அப்போ பலகை எங்கே முடியுது?"

முப்பத்தெட்டு வருஷம் நான் காத்திருந்த கேள்வி அது. வீட்டுக்கு ஆள் அனுப்பி ஊர் வரைபடத்தைத் தருவித்தேன். பலகையின் கோடுகளை மண்டபத்துச் சுவர்களைத் தாண்டி நீட்டினேன். மேற்கே வாய்க்கால், கிழக்கே ரயில்வே கேட், வடக்கே சந்தைத் திடல், தெற்கே சுடுகாடு என்று எல்லை கட்டினேன். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம் என்று முடிவாயிற்று. நடுவர் குறுக்கிட்டால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும் என்று பத்தாம் பக்கத்தில் இருந்தது, நிறுத்தினேன். மறுபடி எப்போது ஓட்டுவது என்பது பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஆக அந்த ஆட்டம் பத்தொன்பது மாசம் நடந்தது.

ராஜா முதலில் தங்கிய இடம் மண்டபத்துக்குப் பின்னால் டெய்லர் கருணாம்பிகை வீடு. தைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "வாங்க, உக்காருங்க, ஜாக்கெட் ஒண்ணு அவசரமா முடிக்கணும்" என்று நூல் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டாள். அன்று சாயங்காலமே அந்தத் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது, ராஜா கருணாம்பிகை வீட்டில் ஒரம்பரையாக, விருந்தாளியாக இருக்கிறார் என்று. பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. ராஜா நகர்வது மயிலாத்தாள் தாளில் எழுதுவதைப் பொறுத்தது என்று தெரிந்ததும், ஊர்ப் பெண்கள் அரைப்பதற்கு எதுவும் இல்லாமலே மில்லுக்கு வர ஆரம்பித்தார்கள்.

"அம்மிணி, வெள்ளிக்கிழமை எங்க சின்னவளைப் பொண்ணு பார்க்க வாராங்க. ராசாவை நம்ம ஊட்டுக்கு ஒரு எட்டு அனுப்பக்கூடாதா?"

"அங்க வந்தா யானைக்கு நேரா வந்துருவாருக்கா."

"யானையை நான் பார்த்துக்கறேன். ஒரு மொறத்தைக் கவுத்து மூடினா ஆச்சு."

"மூடக்கூடாதுக்கா, ஆட்டம்."

"போச்சாது போ, உன்ற ஆட்டமும் நீயும்."

நவநீதன் சும்மா இருக்கவில்லை. அவனுடைய இரண்டு யானைகளும் இரண்டு குதிரைகளும் ஒரு மந்திரியும் பலகையின் பின்புறமாக இறங்கி ஊருக்குள் புகுந்தன. யானை கடைவீதியில் நேர்கோட்டில் போகும், யாராவது குறுக்கே சைக்கிளை நிறுத்தியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். மந்திரி கோணலாக மட்டுமே போகிறவர் என்பதால் ஒரு வீட்டுச் சமையலறை மூலையில் நுழைந்து அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டகை மூலையில் வெளியே வருவார். அவர் வெள்ளைக் கட்டத்தில் மட்டுமே நடப்பவர். ஆகவே தங்கள் வீடு வெள்ளைக் கட்டமா கருப்புக் கட்டமா என்று தெரிந்துகொள்ள ஊரே என்னிடம் வந்தது, நானும் அளந்து சொன்னேன், சொன்னபடி ஒரு வீடு விட்டு ஒரு வீடு சுண்ணாம்பும் கரியுமாக அடித்துக்கொண்டார்கள், பிறகு கருப்பு வீட்டார் வெள்ளை வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று கொஞ்ச நாள் ஒரு கட்டுப்பாடு கிளம்பிற்று, அதைக் கருப்புக் காயான மந்திரியே ஒரு சீர் நாளில் வெள்ளை வீட்டுப் பந்தலில் போய் நின்று குழப்பிவிட்டதால் தானாக அடங்கிற்று.

ராணியை மட்டும் நவநீதன் எடுக்கவே இல்லை. ராணி, இன்னொரு மந்திரி, எல்லாச் சிப்பாய்களும் அவனுடைய ராஜாவைச் சுற்றிப் பலகையிலேயே நின்றார்கள். "மாவு மில் அக்காவுக்கு எதுக்கு சார் ராணி? ராணியைத் தொடாமலே முடிக்கறேன் பாருங்க" என்றான்.

அவன் தங்கியது மண்டபத்து மணமகன் அறையில். முகூர்த்தம் இருக்கும் நாட்களில் அந்த அறையில் அவனும் மாப்பிள்ளையும் சேர்ந்து இருப்பார்கள். பதறுகிற மாப்பிள்ளைகளுக்குத் தலைப்பாகை சரி செய்வான், வேட்டி இறுக்கிவிடுவான். மூன்றாம் மேசையை நகர்த்தக்கூடாது என்பது என் உத்தரவு என்பதால் மணமேடைக்கு எட்டடி தள்ளி அது அப்படியே இருந்தது. இந்தப் பத்தொன்பது மாசத்தில் ஊரில் எடுத்த ஒவ்வொரு கல்யாணப் படத்திலும் தாலி கட்டும் கைக்குப் பின்னால் கன்னத்தில் கை வைத்து யோசிக்கும் நவநீதனைக் காணலாம். மாப்பிள்ளை வீட்டார் அவனைப் பெண் வீட்டு ஆள் என்றும், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்றும் நினைத்து இரண்டு பக்கமும் வற்புறுத்திச் சாப்பிட வைத்தார்கள். பட்டம் பற்றிய காகிதம் இருந்த சட்டை அவனுக்குப் பத்தாமல் போயிற்று. சும்மா உட்கார்ந்து தின்னப் பிடிக்காமல் பந்தி பரிமாற இறங்கினான். மாரப்பன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "சாமி, கரண்டியைச் சும்மா தூக்கப்படாது. தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுத் தூக்கு. இல்லீன்னா பாயசம் பத்தாமப் போயிரும்." ஒரு நாள் ஒற்றிக்கொள்ளாமல் எடுத்தான். நாற்பது இலைக்குப் பாயசம் பத்தவில்லை. அதற்குப் பிறகு அவன் மறக்கவில்லை.

ஆட்டம் பதினோராம் மாசத்தில் மோசமாயிற்று. ராஜா நடுத்தெருவில் சலூனுக்கு இந்தப் பக்கத்து வீட்டில் இருந்தார். கருப்புக் குதிரை இரண்டு வீடு நேராகவும் ஒரு வீடு பக்கவாட்டிலும் தாண்டினால் சரியாக செக் விழும் இடத்துக்கு வந்துவிடும், அப்புறம் யானை வேலையை முடிக்கும். குதிரை தாண்ட வேண்டிய வழியில் குழந்தைசாமி, பொன்னுகுட்டி என்ற அண்ணன் தம்பி வீடு இருந்தது. ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை, நடுவில் சுவர், இரண்டு அடுப்பு. வீட்டை அளக்கும்போது நான் வைத்த விதி இதுதான்: அடுப்பு ஒன்றென்றால் கட்டம் ஒன்று, அடுப்பு இரண்டென்றால் கட்டம் இரண்டு. மயிலாத்தாள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மில்லை மூடிவிட்டு வாசலில் நின்றுகொண்டு தன் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அதைக் குழந்தைசாமியின் மனைவி பார்த்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு, பொன்னுகுட்டி தன் அடுப்பை அணைத்துவிட்டு, குண்டான் அரிசியோடு அண்ணன் பக்கம் நடந்து போய் அண்ணியிடம், "இதையும் சேர்த்து ஒலையில போடுங்க நங்கையா" என்றான். பத்து மணிக்குக் குதிரை தாண்டியது, ஒரு வீடு அதிகமாகப் போய்ச் சலூன் கண்ணாடிக்கு முன்னால் விழுந்தது.

"சார், நேத்து அது ரெண்டு கட்டம்!" என்று நவநீதன் ஓடி வந்தான்.

"நேத்து ரெண்டு அடுப்பு தம்பி."

அவன் கோபத்தில் சதுரங்கச் சங்கத்துக்கு எழுதிப் போட்டான், என் புத்தகத்தில் இல்லாத தாளை அனுப்பச் சொல்லி. அதற்குப் பதில் வந்தது பதினெட்டாம் மாசம். என் பெயருக்கு ஒரு கவர், தபால்காரர் என் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு தாள் மடித்திருப்பது தெரியும். கவரைத் தொட்டால் பிரிக்க வேண்டும். நான் தொடவில்லை.

பத்தொன்பதாம் மாசம் ராஜாவுக்கு ஊரில் இடம் தீர்ந்தது. கிழக்கே கிழக்கே என்று ஒதுங்கி, ரயில்வே கேட்டை ஒட்டிய கடைசி வரிசையில், அதிலும் கடைசி வீட்டில் போய் நின்றார். அது மயிலாத்தாள் வீடு, அவளுடைய அண்ணன் வெள்ளியங்கிரியின் வீடு. தங்கை என்றைக்குத் தோற்பாள், மில் என்றைக்கு ஒழுங்காக ஓடும் என்று காத்திருந்த மனுஷன், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ராஜா களைத்துப்போய் நிற்பதைக் கண்டதும் மாட்டை ஓட்டும் தடியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். "என்ற ஊட்டுக்கு வந்த ஒரம்பரையை எவன் வெட்றான்னு பார்த்துடறேன்" என்றார். மூன்று விரல்கடை உயரமுள்ள யானைக்காக அந்தத் தடி.

ஒரு யானை பக்கத்து வரிசையை அடைத்து நின்றது. இன்னொரு யானை கடைசி வரிசைக்கு வந்தால் முடிந்தது, செக் மேட். நவநீதன் ஆட வேண்டியது ஒரே ஒரு நகர்த்தல்.

மறுநாள் காலை மண்டபத்தில் கல்யாணம் எதுவும் இல்லை, ஆனாலும் கூட்டம் பந்திக்கு வந்தது போல இருந்தது. மயிலாத்தாள் வந்து உட்கார்ந்தாள். கையில் மாவு இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான். பலகையில் மிச்சமிருந்த தன் காய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், ரயிலேறப் போகிறவள் வீட்டைப் பார்ப்பது போல. வெள்ளியங்கிரி தடியோடு என்னிடம் வந்து காதோரம், "ஏனுங்க, ஆத்தாகிட்டச் சத்தியம் வாங்கினது நான்தானுங்களே. நானே திரும்ப வாங்கிக்கலாமுங்களா?" என்றார்.

"கற்பூரம் அணைஞ்சு போச்சே வெள்ளியங்கிரி" என்றேன்.

நவநீதன் வந்தான். குளித்து, விபூதி வைத்து, புது வேட்டி கட்டி, பட்டம் வாங்கப் போகிறவனுக்கு உரிய எல்லா அம்சத்தோடும் வந்து உட்கார்ந்தான். வேட்டியைச் சரி செய்தான். மூச்சை இழுத்துவிட்டான். பத்தொன்பது மாசத்து வேலையின் கடைசிக் காரியம், நல்ல காரியம். ஆகவே, எதையும் நினைக்காமல், பாயசக் கரண்டியைத் தொடுவது போல, வலது கை இரண்டு விரலால் தன் கருப்பு ராஜாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கூட்டம் மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

கண்ணில் வைத்த விரலை அவன் எடுக்கவே இல்லை. விரல் இடுக்கு வழியாக என்னைப் பார்த்து, மிகவும் மெல்லிய குரலில், "சார், நான் கும்பிட்டேன்" என்றான்.

நான் புத்தகத்தைப் பிரித்தேன். பத்தாம் பக்கம் மாறாமல் அப்படியே இருந்தது. பலகையைப் பார்த்தேன்: ராஜாவுக்கு ஒரு பக்கம் அவன் தொடவே தொடாத ராணி, மறுபக்கம் மந்திரி, முன்னால் மூன்று சிப்பாய். பின்னால் சும்மா கிடந்தது.

கருப்பு ராஜா வெள்ளை ராஜாவைப் போலத் தயங்கவில்லை. பத்தொன்பது மாசம் கல்யாணச் சத்தத்தில் நின்று நின்று அலுத்திருப்பார். திரும்பி, இறங்கி, மேற்கு வாசல் வழியாகப் போனார். மேலத்தெருப் பெண்கள் எழுந்து நின்று, "அப்பாடி, எங்க தெருவுக்கும் ஒரு ராசா வந்தாச்சு!" என்று குலவையிட்டார்கள். வெள்ளை ராஜா இத்தனை நாளில் அந்தப் பக்கம் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத கோபம் அவர்களுக்கு.

இப்போது மயிலாத்தாள் முறை. அவள் ராஜா தப்பிக்க ஒரு சந்து திறந்துவிட்டது. அவளுடைய யானைகளும் குதிரைகளும் ஒரு தடவைகூட அசையாமல் புதுசாக நின்றன. கருப்பு ராஜாவை இனி அவள் துரத்தலாம், இன்னொரு பத்தொன்பது மாசம். நவநீதனுக்கு அது தெரிந்து முகம் வெளுத்தது. அவள் அவனை, அவன் தொப்பையை, கரண்டிக் காய்ப்பு ஏறிய அவன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"டிராவுன்னு வெச்சுக்கலாமா கண்ணு?"

"வெச்சுக்கலாங்க்கா."

வெள்ளியங்கிரி தடியைப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, "தோக்கலதானே? தோக்கலதானே?" என்று எல்லோரையும் கேட்டார். தோற்கவில்லை. மயிலாத்தாள் மில்லைத் திறக்கப் போனாள், பெட்டியின் மேல் பலகை இருந்தது. அன்றைக்கு மிளகாய் மெஷினில் கம்பு விழுந்தது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நவநீதன் அப்புறமும் போகவில்லை. இப்போது மாரப்பனுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறான், அவன் வைக்கும் பாயசம் பத்தாமல் போனதே இல்லை.

ஆட்டம் முடிந்த விஷயத்தை இரண்டு ராஜாக்களுக்கும் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் தாமாகவே, நாளைக்கு ஒரு வீடு என்று நடந்தார்கள்; கிழக்கிலிருந்து ஒருவர், மேற்கிலிருந்து ஒருவர், ஊரில் தன்னைப் போல இருக்கிற ஒரே ஆளைத் தேடிக்கொண்டு. ஒரு வீடு இடையில் விட்டு இரண்டு பேரும் நின்றார்கள். ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் ராஜா போகக்கூடாது என்பது ஒன்பதாம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், போகவும் மனசில்லை, வரவும் விதியில்லை. நடுவில் இருப்பது என் வீடு.

நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம். காபி கொடுப்பேன். ஜன்னலில் அந்தக் கவர் இன்னும் இருக்கிறது, தபால் முத்திரைகூட அழியவில்லை. அதைப் பிரித்து, 'ஆனால் அந்தக் காய்க்கு' என்பதற்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது படித்துவிட்டால், முதல் நகர்த்தலே செல்லாது என்றாகி, ராஜாக்கள் இரண்டு பேரும் மண்டபத்துக்குத் திரும்ப வேண்டும், கடிகாரம் ஓட வேண்டும், மயிலாத்தாள் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும், அணைந்த கற்பூரத்துச் சத்தியமும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் வருகிறவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாருங்கள்.